காதால் படிக்கிறவள்

ஜூன் 18, புதன்

உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் போகும் காலைப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதிசயம், அதனால் எழுதி வைக்கிறேன். கண்டக்டரிடம் கன்னடத்தில் பேசினேன். பக்கத்து சீட் தக்காளி வியாபாரியிடம் தெலுங்கில் பேசினேன். "ஏம்மா, நீ எந்தப் பக்கத்துப் பொண்ணு?" என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எல்லாப் பக்கமும்தாங்" என்றேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அம்மா கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரி, அவள் கொடுத்தது கன்னடம். அப்பாவை நாயினா என்றுதான் கூப்பிடுவேன், அவர் வீட்டில் தெலுங்கு. பள்ளிக்கூடம் தமிழ். இங்கிலீஷ் வந்ததுதான் தனிக் கதை. எங்கள் நிலத்தை ஒட்டி, பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸுக்கு மேனேஜராக வந்த பூனாக்காரரின் மகளும் நானும் மூன்று வருடம் ஒன்றாகச் சுற்றினோம். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு மராத்தி வராது. சண்டை போடவாவது ஒரு பாஷை வேண்டுமே. இங்கிலீஷில் போட்டோம்.

பிளஸ் ஒன் சேர்ந்து மூன்றாவது நாள். பக்கத்தில் உட்காருகிறவள் லாவண்யா. அவள் அப்பா சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். லாவண்யா வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல. கேன்டீனில் அவளுக்கும் சேர்த்து நானே டீ கேட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இந்தப் பள்ளியில் மற்ற பாடமெல்லாம் தமிழில். இங்கிலீஷ் பீரியடுக்கு மட்டும் எங்களை மூன்று அறையாகப் பிரித்துவிடுகிறார்கள். அடியில் ஃபவுண்டேஷன், நடுவில் கோர், மேலே அட்வான்ஸ்டு. யாருக்கு எது என்று பார்க்க ரத்தினவேல் சார் ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் பேசினார். பேச்சு மட்டும்தான், பரீட்சை இல்லை.

உன் ஊரைப் பற்றிச் சொல் என்றார். தக்காளி விலை ஏறினால் எங்கள் ஊரில் யார் யாருக்குப் புதுச் சொந்தம் முளைக்கும் என்று இங்கிலீஷில் சொன்னேன். சார் சத்தமாகச் சிரித்தார். அட்வான்ஸ்டு.

லாவண்யாவிடம் பெயர் கேட்டார், சொன்னாள். அடுத்த கேள்விக்குத் தரையைப் பார்த்தாள். அதற்கடுத்த கேள்விக்கும் அதே தரைதான். ஃபவுண்டேஷன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் அவள் தொண்ணூற்றெட்டாம். எனக்கு எழுபத்தொன்று!

சார் கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "செருப்பு மாதிரிதான். கடிச்சா பேசாம நடக்காதீங்க. ஆகஸ்ட் முடியிற வரைக்கும் யார் வேணும்னாலும் மேலயோ கீழயோ மாறிக்கலாம். நீங்களே வந்து சொல்லணும்."

ஜூன் 21

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி இறக்கப் போன நாயினா, தக்காளியை விட என் அட்வான்ஸ்டைத்தான் அதிகம் விற்றுவிட்டு வந்திருக்கிறார்.

ஜூலை 3

இதை யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவிடலாம்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

எழுத்து தெரியும். சின்னச் சொற்கள் தெரியும். நீளமான சொல் வந்தால் தலையைப் பார்த்து உடம்பை ஊகிப்பேன். ஒரு பக்கத்தை நானே படிக்க உட்கார்ந்தால் கல் உடைக்கிற மாதிரி இருக்கும், உடைத்து முடிக்கும்போது முதல் வரி மறந்திருக்கும். ஆனால் யாராவது ஒருமுறை வாசித்துவிட்டால் போதும், அப்படியே காதில் ஒட்டிக்கொள்ளும். பத்து வருடமும் அப்படித்தான் ஓடியது. வகுப்பில் யாராவது முதலில் வாசிப்பார்கள், அடுத்து நான் எழுந்து புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பேன். 'எவ்வளவு அழகாப் படிக்கிறா பாரு' என்பார்கள். கட்டுரையெல்லாம் மனப்பாடம். நாலு பாஷை பேசுகிறேன், படிக்கத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான்.

அட்வான்ஸ்டில் யாரும் முதலில் வாசிப்பதில்லை. சார் ஒரு தாளைக் கொடுத்து, நாளைக்குப் படித்துவிட்டு வா என்கிறார். அவ்வளவுதான். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனா?

ஜூலை 4

வழி கண்டுபிடித்தாயிற்று. மதியச் சாப்பாட்டில் தாளை லாவண்யாவிடம் நீட்டினேன்.

"எனக்குக் கண்ணு வலிக்குதுடி. கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

மெல்லிய குரலில் வாசித்தாள். என்ன ஒரு வாசிப்பு! ஒரு சொல்லில்கூடத் தடுக்கவில்லை. இவளையா கீழே போட்டார்கள்? அவள் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தில் பாதியும் எனக்கே வந்தது. லாவண்யாவுக்கும் அவள் அம்மாவுக்கும் நன்றி.

ஜூலை 16

கண்வலி இன்னும் தீரவில்லை.

ஜூலை 22

லாவண்யா இன்று தாளை வாங்காமல் என்னையே பார்த்தாள். "ஒனக்குக் கண்ணு வலி இல்லட்டி" என்றாள். நான் தாளை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். அவளும் மேலே கேட்கவில்லை, வாசித்தாள். இப்படி ஒருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ. பதிலுக்கு அவளுக்காக ஆபீஸில் போய் பஸ் பாஸ் பற்றிக் கேட்டேன், கணக்குச் சாரிடம் சந்தேகம் கேட்டேன், பக்கத்துத் தெருக் கடைக்காரரிடம் கன்னடத்தில் பேசி அவள் குடைக் கம்பியை மாற்றிக் கொடுத்தேன். அவள் கண், நான் வாய். சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செத்துப் போகலாம் போல இருக்கு. எழுதக்கூடக் கை வரல.

நிதானமாக எழுதுகிறேன். நேற்று சார் கொடுத்த தாள் யானைகளைப் பற்றி. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டுக்குள் இறங்கும் யானைக் கூட்டம், பட்டாசு, காவல். லாவண்யா வாசித்தாள், எனக்கு வரிக்கு வரி வந்துவிட்டது. நம் ஊர் விஷயம் வேறே.

இன்று சார் உள்ளே வந்ததும், நேற்றைய தாள் எல்லோருக்கும் போதவில்லை என்று வேறு ஏதோ தாளை நகல் எடுத்து வந்து கொடுத்தார். அதை அவர் சொன்னபோது நான் பின்பெஞ்சோடு பேசிக்கொண்டிருந்தேன், பிறகுதான் தெரிந்தது. கையில் வந்ததை நான் பார்க்கவே இல்லை. நான் எப்போது பார்த்திருக்கிறேன்? எனக்குத் தாள் என்பது கையில் பிடிக்கிற ஒரு பொருள்.

"தர்ஷினி, நீ ஆரம்பிம்மா."

எழுந்தேன். தொண்டையைக் கனைத்தேன். யானைகளை ராகிக் காட்டுக்குள் இறக்கினேன். முதல் பத்தி முடிந்தது. யாரும் அசையவில்லை, நன்றாகப் படிக்கிறோம் என்று நினைத்து இன்னும் குரலை ஏற்றினேன். குட்டி யானை வரும் இடத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்போதுதான் குனிந்து தாளைப் பார்த்தேன். யானை என்ற சொல் எங்குமே இல்லை. அது ஏதோ ஏரி, குடிநீர், பெங்களூர் என்று போகிறது.

நான் நிறுத்தினேன். வகுப்பே என்னைப் பார்த்தது.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேத்துத் தாளை மனப்பாடமே பண்ணிட்டியா? பரவாயில்ல, உட்காரு. மோகனப்ரியா, நீ இந்தப் புதுசைப் படி" என்றார். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. சிரித்தவளும் அடங்கிவிட்டாள். தாளைத் தப்பாக எடுத்துவிட்டேன் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். சாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் தெரிந்தது.

ஏன்டி தர்ஷினி, இதெல்லாம் உனக்குத் தேவையா? என்னாத்துக்கு இந்த வேஷம்?

ஆகஸ்ட் 6

ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டனுப்பினார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி போய் நின்றேன்.

"படிக்கச் சிரமமா இருக்காம்மா?"

தலையாட்டினேன். அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

"தப்பு என் பேருலயும் இருக்கு. பேசச் சொல்லிப் பாத்தேனே தவிர படிக்கச் சொல்லிப் பாக்கல. உன் பேச்சு நிஜமாவே அட்வான்ஸ்டுதான். நீ அங்கயே இருந்தா நான் வெளிய அனுப்ப மாட்டேன். ஆனா எங்க உட்கார்ந்தா உனக்கு நல்லதுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். மாசக் கடைசி வரைக்கும் யோசி."

திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். முடிவை என் தலையில் வைத்துவிட்டார். ஆனாலும் இதுவரை யாரிடமும் அவர் சொல்லவில்லை. அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

ஆகஸ்ட் 7

யோசித்தேன். அட்வான்ஸ்டிலேயே இருந்தால்? லாவண்யா இருக்கிறாள், வாய் இருக்கிறது, பேச்சுப் போட்டிக்கு அனுப்புவார்கள், நாயினா சந்தோஷப்படுவார். ஓடிவிடும். அப்புறம் காலேஜ். அங்கே எந்த லாவண்யா?

கீழே போனால்? மண்டி முழுக்கத் தெரியும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லாவண்யாவோடு சண்டை.

மதியம் வழக்கம் போலத் தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"இனி நான் படிக்க மாட்டேன்ட்டி."

"ஏன்? இதுவரைக்கும் படிச்சல்ல?"

"படிச்சதுனாலதான் இப்படி ஆச்சு. அன்னைக்கு நீ நின்ன நெலமைய மோகனப்ரியா வந்து சொன்னா. எனக்குச் சோறு எறங்கல."

எனக்கு வந்ததே கோபம்! வாய் சும்மா இருக்குமா? "நான் இல்லன்னா உனக்கு டீகூடக் கேக்கத் தெரியாது, நீ எனக்குப் புத்தி சொல்றியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் கண் நிறைந்தது. ஆனாலும் பேசினாள். அவள் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஆமா, தெரியாது. அதுக்குத்தான் சொல்லுதேன். நீ எனக்குப் பேசாத, நான் ஒனக்குப் படிக்கல. ரெண்டு பேரும் இப்படியே இருந்தா நான் ஊமையாவேன், நீ குருடாவ."

டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11

பேச்சில்லை. கேன்டீனில் அவள் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் வாய் வராமல் விலகி மறுபடி கடைசியில் போய் நின்றாள். போய்க் கேட்டுவிடலாம் என்று கால் துடித்தது. போகவில்லை. மூன்றாம் முறை "ஒரு டீ" என்றாள். அவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். கிடைத்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடிப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்க்கிற மாதிரி நின்றேன்.

ஆகஸ்ட் 12

இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என் முன்னால் வைத்தாள். ராசி. நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: படித்துக் காட்டியதற்கு அவளுக்கு நன்றி என்று போன மாதம் எழுதினேன். படித்துக் காட்ட மாட்டேன் என்று சொன்னாளே, அதற்குத்தான் பெரிய நன்றி. எனக்கு வேண்டியவர்கள் எல்லோரும் இத்தனை வருடம் என் வாயைப் பார்த்தே மயங்கினார்கள். இவள் ஒருத்திதான் மயங்கவில்லை.

ஆகஸ்ட் 19

தாளை நானே படித்தேன். ஒரு பத்தி. தலைவலி. நிஜமான கண்வலியும்.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை வேகும் நேரம் பார்த்து நாயினாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்திலேயே இருந்தாள், அந்தத் தைரியம்தான்.

"ஃபவுண்டேஷனுக்கு மாறப் போறேன் நாயினா."

"அது எது, மேலயா?"

"இல்ல. எல்லாத்துக்கும் கீழ."

நாயினா முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "யாரு எறக்குனது உன்ன? கவுர்மெண்டு பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளன்னு எளக்காரமா? நாளைக்கே வந்து பேசறேன்."

"யாரும் எறக்கல. நானே எறங்கறேன். எனக்குப் படிக்க வரல நாயினா. பேசத்தான் வருது."

"அந்தப் பூனாக்காரர்கிட்ட நீ தடதடன்னு பேசுவியே!"

"பேசுவேன். அவரு ஒரு காகிதத்த நீட்டியிருந்தா முழிச்சிருப்பேன்."

நம்பவில்லை. பாலிஹவுஸ் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் இங்கிலீஷ் போர்டைச் சொல்லி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தினமும் கடக்கிற போர்டு. எனக்குத் தெரியவில்லை. ஒருமுறைகூடப் படிக்க முயன்றதில்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

நாயினா எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். அம்மா ஆவி பறக்க ஒரு கொழுக்கட்டையை என் தட்டில் வைத்து, "சொல்லிட்டியில்ல, தின்னு" என்றாள்.

ஆகஸ்ட் 28

நாயினா இன்னும் பேசவில்லை. காலையில் பஸ் ஸ்டாப் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் வந்ததும், "மண்டியில கேட்டா நான் என்னம்மா சொல்ல?" என்றார்.

"படிக்கக் கத்துக்கறான்னு சொல்லுங்க."

"பத்து வருசமா என்ன பண்ணான்னு கேப்பானுங்களே?"

ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சாரிடம் போய்ச் சொன்னேன். தனியாக இல்லை. கூடவே லாவண்யாவும் வந்தாள், அவளும் மாற வேண்டுமாம். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லேன்" என்றாள். அவளுக்காக நான் பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினேன். என்னை முறைத்தாள்.

உள்ளே போய், "சார், ஐ வான்ட் டு கம் அப்" என்றாள். அட்வான்ஸ்டுக்கா என்று சார் கேட்டார். வேண்டாம், கோர் போதும், அங்கே பேசிப் பார்க்கிறேன் என்றாள். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னாள்.

அவள் மேலே, நான் கீழே. சார் எங்கள் இருவரையும் பார்த்து, எழுந்து நின்று கை கொடுத்தார். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி.

செப்டம்பர் 1, திங்கள்

ஃபவுண்டேஷன் முதல் நாள். பொற்கொடி மிஸ். சின்னப் பிள்ளைகள் புத்தகம் மாதிரி பெரிய எழுத்து. வரிக்குக் கீழே விரலை வைத்துப் படிக்க வேண்டும். எனக்கு மானம் போனது. அட்வான்ஸ்டில் இருந்து வந்தவள் என்று எல்லோரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

என் முறை வந்தது. ஒரு வரி படிக்க ஒரு யுகம் ஆனது. யாரும் சிரிக்கவில்லை. இங்கே எல்லோருக்கும் அதே யுகம்தான் ஆகிறது.

செப்டம்பர் 9

பக்கத்தில் இருப்பவள் வாசித்து முடித்ததும் என் காது பழக்கதோஷத்தில் அதைப் பிடித்துக்கொண்டது. நான் எழுந்து ஒப்பித்தேன். மிஸ், "கடைசி வரியிலேர்ந்து மேல வா" என்றார். மாட்டிக்கொண்டேன். பலே மிஸ்.

அக்டோபர் 8

காலாண்டில் இங்கிலீஷ்: முப்பத்தெட்டு. மனப்பாடம் எதுவும் செய்யாமல் போனேன். வீட்டில் சொன்னேன். நாயினா, "முப்பத்தெட்டா?" என்றார். பிறகு, "சொந்தமா எழுதுனதா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரம் மல்லாக்கொட்டை வறுத்துக் கொடுத்தார். அவர் சமாதானக் கொடி அப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 24

தீபாவளி முடிந்து முதல் வாரம், மழை. லாவண்யா பலகாரம் கொண்டுவந்தாள். கோரில் ஒரு கேள்விக்கு எழுந்து பதில் சொன்னாளாம். பாதியில் ஒரு சொல் தொலைந்ததாம். தேடி எடுத்து முடித்தாளாம்.

நவம்பர் 13

இன்று ஒரு சொல்லைப் பார்த்தேன், தலையைப் பார்த்து ஊகிக்காமல் கடைசி எழுத்து வரை போனேன். நான் தினமும் பேசுகிற சொல். இத்தனை நாள் என் வாயில் இருந்தவன், தாளில் இப்படி ஒரு முகத்தோடு இருப்பான் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். பேச்சு முன்பே இருப்பதால் மற்றவர்களைவிட வேகமாக வருகிறது என்கிறார் மிஸ். அப்படியானால் பூனாக்காரர் மகளுக்கும் நன்றி.

டிசம்பர் 4

மண்டியில் யாரோ, "பொண்ணு இன்னும் அட்வான்ஸ்டுதானா?" என்று கேட்டார்களாம். நாயினா, "இல்லப்பா, அது வேணாம்னு அவளே மாத்திக்கினா. எது தனக்குச் சரின்னு பாக்கத் தெரியுது அவளுக்கு" என்று சொன்னாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் என்னிடம் சொல்லவே மாட்டார். நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு: ஐம்பத்தொன்பது. பத்தாம் வகுப்பு எழுபத்தொன்றைவிடக் குறைவுதான். அந்த எழுபத்தொன்றுக்கு இதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பொற்கொடி மிஸ், "இங்கயே இருக்கியா, கோருக்குப் போறியா? நீயே சொல்லு" என்றார். உடனே வாய் முந்தவில்லை. கோர் புத்தகத்தை வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, மிஸ் முன்னாலேயே மனதுக்குள் படித்தேன். சில இடத்தில் தடுக்கியது. விழவில்லை. "போறேன் மிஸ்" என்றேன். நன்றி சொல்ல நினைத்தேன், அதற்குள் அடுத்த பெல் அடித்துவிட்டது.

ஜனவரி 7, புதன்

கோரில் இன்று மௌன வாசிப்பு. யாரும் யாருக்கும் வாசித்துக் காட்டக் கூடாது. ஆளுக்கு ஒரு தாள், ஒரு பக்கக் கதை. வகுப்பில் ஃபேன் சத்தம் மட்டும்.

ஒருவன் வீட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வெளியே வந்து பூட்டை அமுக்கிப் பூட்டிவிடுகிறான். மழை. கல்லை எடுத்துப் பூட்டை உடைக்கிறான். வரி வரியாகப் போனேன். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்கு முன்னால் சொல்லி வைக்கவில்லை. உள்ளே போகிறான், சாவி மேசை மேல் இருக்கிறது. அவனுக்கு ஒரே சந்தோஷம். சாவி கிடைத்துவிட்டதே என்று அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, உடைந்த பூட்டை நிதானமாக மாட்டி, சாவியைப் போட்டுத் திருப்புகிறான்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தனை அமைதியில், அத்தனை சத்தமாக.

எல்லாத் தலையும் திரும்பியது. பக்கத்தில் லாவண்யா எப்போதோ படித்து முடித்திருந்தாள், உதட்டை மடித்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளாலும் முடியவில்லை. அவள் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டது இன்றுதான் முதல் முறை. மற்றவர்கள் என்னவென்று தெரியாமல் அவசர அவசரமாகத் தாளுக்குத் திரும்பினார்கள், அந்த இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர.